வீட்டோ ஒரு பெயர்ச்சொல் அல்ல



ஐ.நா. பாதுகாப்பு அவையில் வீட்டோ என்று செய்தி வரும்போதெல்லாம் அதைப் பெயர்ச்சொல்லாகவே படித்துப் பழகிவிட்டோம். லத்தீன் மொழியில் அது முழுமையான வினைமுற்று. பொருள்: 'தடுக்கிறேன்'.

பழைய வாத்தியார் அல்லவா, நிகழ்கால வடிவங்களையும் சொல்லிவிடுகிறேன். லத்தீன் ஒலிப்புக்கு நெருக்கமாக எழுதினால்:

வெட்டோ – தடுக்கிறேன்
வெட்டாஸ் – தடுக்கிறாய்
வெட்டட் – தடுக்கிறான், தடுக்கிறாள், தடுக்கிறது
வெட்டாமுஸ் – தடுக்கிறோம்
வெட்டாட்டிஸ் – தடுக்கிறீர்கள்
வெட்டண்ட் – தடுக்கிறார்கள், தடுக்கின்றன

இறந்தகாலத்தில் 'வெட்டுயி', அதாவது 'தடுத்தேன்'. ஆண்பால் பெண்பால் காட்டும் விகுதி லத்தீன் வினைக்கு இல்லை. அதில் நம் தமிழ் ஒரு படி மேல். ஆனால் தன்மை, முன்னிலை, படர்க்கையை விகுதியே சொல்லிவிடுவதில் இரண்டும் ஒன்றுதான். 'நான்' என்று தனியாகச் சொல்ல வேண்டாம். நாம் தோன்றா எழுவாய் என்று படித்தோமே, அதேதான். வீடியோ என்றால் 'பார்க்கிறேன்', ஆடியோ என்றால் 'கேட்கிறேன்'. தினமும் சொல்லும் சொற்களில் இப்படி ஒரு 'நான்' ஒளிந்திருக்கிறது.

பண்டைய ரோமில் எளிய மக்களைக் காக்க ட்ரிப்யூன் என்ற பதவி இருந்தது. கி.மு. 494-இல் தோன்றியதாக மரபு. அதிகாரி ஒருவர் குடிமகனுக்குக் கேடு செய்யப் போனால், ட்ரிப்யூன் நேரில் வந்து குறுக்கே நின்று தடுக்கலாம். ஆள் அனுப்பித் தடுக்க முடியாது. உதவி கேட்டு யாரும் வரலாம் என்பதற்காக அவர் வீட்டுக் கதவு இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும். எளியவனுக்காக ஒருவர் தன் பெயரில், தன் முகம் காட்டிச் சொன்ன சொல் அது.

இன்றோ அந்தச் சொல் 5 வல்லரசுகளின் கையில். ஐ.நா. சாசனத்தில் வீட்டோ என்ற சொல்லே கிடையாது. 27-ஆம் விதி நிரந்தர உறுப்பினர்களின் இசைவு வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. ஒரு நாடு கை தூக்கினால் போதும், 14 பேர் சொன்னதும் செல்லாது. 2022 ஏப்ரல் 26 அன்று பொதுச்சபை ஒரு தீர்மானம் கொண்டுவந்தது: வீட்டோ போடப்பட்டால் 10 வேலை நாட்களுக்குள் சபை கூடி விவாதிக்க வேண்டும், தடுத்த நாட்டுக்குப் பேச முன்னுரிமை உண்டு. வீட்டோவை நீக்கும் வலிமை அதற்கு இல்லை. ஆனாலும் அதை நான் பெரிதாக மதிக்கிறேன். தொலைந்துபோன 'நான்' என்பதை அந்தச் சொல்லுக்குள் திரும்பக் கொண்டுவரும் முயற்சி அது.

இது நியூயார்க் சமாச்சாரம் மட்டுமல்ல. நம் அலுவலகக் கடிதங்களைப் பாருங்கள். 'விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது', 'அனுமதி மறுக்கப்படுகிறது'. எல்லாம் செயப்பாட்டு வினை. மறுத்தவர் யார்? ஏன் மறுத்தார்? யாரிடம் போய்க் கேட்பது? தமிழ் வினை இயல்பாகவே ஆளைக் காட்டும். அந்த ஆளை மறைக்கத்தான் இந்த 'பட்டது'.

உங்களில் பலர் இன்று கையெழுத்துப் போடும் நாற்காலியில் இருக்கிறீர்கள். மறுக்க வேண்டிய இடத்தில் தாராளமாக மறுங்கள். ஆனால் 'மறுக்கிறேன், காரணம் இது' என்று எழுதுங்கள். எதிரில் நிற்பவர் வாதாடுவதற்கு ஒரு முகமாவது கிடைக்கட்டும்.