மாட்டுக்கு ஏச முதல் மீட்டரைப் பாருங்க

மாரி தொடங்கினால் மட்டக்களப்பு முகநூல் பக்கங்களில் ஒரே படம் திரும்பத் திரும்ப வரும். முன்பக்கம் நொறுங்கின கார், பக்கத்தில் செத்துக் கிடக்கிற மாடு, சுற்றி நிற்கிற ஆக்கள். தலைப்பும் ஒன்றுதான்: "கட்டாக்காலி மாடுகளால் தொடரும் விபத்து". கீழே கொமென்ட்கள். "மாட்டுக்காரனைப் பிடிச்சு உள்ள போடு." "பிரதேச சபை நித்திரையா?" "எல்லாத்தையும் பிடிச்சு ஏலத்தில வித்துப் போடு." நூறு கொமென்ட் வாசித்தாலும் ஒரு கேள்வியைக் காணக் கிடைக்காது: அந்தக் கார் என்ன ஸ்பீடில வந்தது?

நாங்கள் கேட்கப் போவது அந்தக் கேள்வியைத்தான். இரவில் ரோட்டில் மாடு கிடப்பது நம்மட மாவட்டத்தில் புதினம் இல்லை. மாரியில் மழை பெய்யும், வாவி நிரம்பும் என்பதுபோல எல்லாருக்கும் தெரிந்த விசயம். தெரிந்த ஒன்றில் போய் மோதிவிட்டு "திடீரெண்டு குறுக்கால வந்திட்டு" என்று சொல்வது சாட்டு. தன் பங்கைச் செய்யாத சாரதி மாட்டுக்காரரைக் குற்றவாளியாக்குவது அநியாயம். அந்த மாடு ஏன் ரோட்டுக்கு வந்தது என்று ஒருவரும் கேட்காமல் விடுவது அதைவிடப் பெரிய அநியாயம்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிடப்பட்டது. லீசிங் விளம்பரம் திரும்பவும் சந்திக்குச் சந்தி தொங்குது. நம்ம வயதுப் பொடியன்கள், பிள்ளைகள் பலர் முதல் தடவையாக ஸ்டியரிங் பிடிக்கிறார்கள். கார் வாங்குவது எப்படி என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஏ15 வீதியில் மழை இரவொன்றில் அதை எப்படி ஓடுவது என்று சொல்லித்தர ஆள் குறைவு.

கணக்குப் பொய் சொல்லாது

ஒருக்கா இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க. மணிக்கு 70 கிலோமீட்டர் என்றால் ஒரு செக்கனுக்கு 19 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். இருட்டில் ஒன்றைக் கண்டு, அது மாடு என்று விளங்கி, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரைச் செக்கன் என்று வைப்போம். அதற்குள் கார் 29 மீட்டர் போய்விடும். நல்ல டயர், காய்ந்த ரோட்டு என்றால் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 27 மீட்டர் மட்டில் வேண்டும். மொத்தம் 56 மீட்டர். ரோட்டு நனைந்திருந்தால் அது 75 மீட்டரையும் தாண்டும்.

இப்ப லைட்டுக்கு வாங்க. டிம்மில் போட்ட சாதாரண ஹலோஜன் லைட், படுத்துக் கிடக்கிற ஒரு கறுத்த மாட்டை நமக்குக் காட்டுவது ஏறத்தாழ 40, 50 மீட்டரில்தான். மாடு நம்மைப் பார்த்தால் கண் மினுங்கும். மற்றப் பக்கம் பார்த்துக் கிடந்தால் அதுவும் இல்லை. அப்படியென்றால் 70இல் டிம் லைட்டோடு போகிறவர், தான் நிறுத்த முடியாத தூரத்துக்குள் எந்த நேரமும் கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிறார். மாடு திடீரென்று வரவில்லை. அது அரை மணித்தியாலமாக அங்கேயே படுத்து அசைபோட்டுக்கொண்டு கிடந்தது. திடீரென்று வந்தது நீங்க.

அதே காரை 50இல் ஓடினால் காய்ந்த ரோட்டில் 35 மீட்டரிலும் நனைந்த ரோட்டில் 45 மீட்டர் மட்டிலும் நிறுத்தலாம். லைட் காட்டுகிற தூரத்துக்குள் அடங்கிவிடும். "ஊருக்கு வெளியில 70 ஓடலாம் எண்டு சட்டமே சொல்லுதே" என்பீங்க. 70 என்பது அதற்கு மேல் போகாதே என்று போட்ட எல்லை. அந்த ஸ்பீடில் போயே ஆகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வந்தாறுமூலையில் இருந்து டவுனுக்கு 16 கிலோமீட்டர் மட்டில். 70க்கும் 50க்கும் இடையில் நீங்க மிச்சம் பிடிக்கிற நேரம் ஐந்தரை நிமிடம். அந்த ஐந்தரை நிமிடத்தைத் தேத்தண்ணிக் கடையில் கதைத்தே கரைத்துவிடுவோம்.

லைட்டில் தொடங்குங்க

கராஜில் எஞ்சின் ஒயில் மாற்றக் காசு குடுக்கிறவர், லைட்டின் முன்கண்ணாடியை ஒருக்காவது திரும்பிப் பார்ப்பதில்லை. பழைய ஜப்பான் கார்களில் அது பிளாஸ்டிக். வெயிலில் மஞ்சளித்துப் புகைபிடித்த மாதிரி ஆகிவிடும். பல்ப் புதுசாக இருந்தாலும் வெளிச்சம் பாதியில் நின்றுவிடும். அதைத் தேய்த்துப் பொலிஷ் பண்ணுவது பெரிய செலவில்லை.

பலர் செய்வது வேறு வேலை. ஹலோஜனுக்கு என்று செய்த கூட்டுக்குள் மலிவான எல்.ஈ.டி பல்பைக் கொண்டுபோய்ச் செருகுகிறார்கள். வெள்ளை வெளேரென்று இருக்கும், ஓடுகிறவருக்கு நல்ல சந்தோசம். ஆனால் அந்தக் கூடு அந்தப் பல்புக்கு அளந்து செய்தது அல்ல. வெளிச்சம் ரோட்டில் விழாமல் கண்டபடி சிதறும். எதிரில் மோட்டார் சைக்கிளில் வருகிற அப்பாவுக்கும் நடுவில் இருக்கிற பிள்ளைக்கும் கண் இருட்டும். நம்மட ரோட்டில் ஆகக் கூடுதலாக ஓடுவது மோட்டார் சைக்கிள்தான். நீங்க பிரைட்டைக் குறைக்காமல் கடந்துபோன பிறகு அவர் மாட்டில் மோதினால், அந்த விபத்தில் உங்கட பேர் எங்கேயும் இருக்காது. உங்கட பங்கு இருக்கும்.

எதிரில் வாகனம் இல்லாவிட்டால் பிரைட் போடுங்க, அது அதற்குத்தான் இருக்கு. எதிரில் லைட் தெரிந்ததும் டிம் பண்ணுங்க, அதோடு ஸ்பீடையும் குறையுங்க. இரண்டாவதைத்தான் யாரும் செய்வதில்லை. இன்னொன்று: இடப்பக்கம் ஓடுகிற நாட்டுக் கார்களில் டிம் லைட் இடது கரையைத்தான் தூரத்துக்குக் காட்டும், வலப்பக்கம் இருட்டாக இருக்கும். வலப்பக்கம் இருந்து இறங்குகிற மாட்டைப் பிந்தித்தான் காண்பீங்க. பின் சீட்டில் ஆட்கள், டிக்கியில் அரிசி மூட்டை என்று போகும்போது காரின் மூக்கு மேலே கிளம்பி லைட்டும் மேலே போகும். பல கார்களில் ஸ்டியரிங் பக்கத்தில் இலக்கம் போட்ட சின்னச் சில்லு ஒன்று இருக்கும். அது லைட்டை இறக்கத்தான். கல்லடி, நாவலடிப் பக்கம் இருக்கிறவர்கள் முன்கண்ணாடியில் படிகிற உப்பைத் துடைத்துவிட்டு இரவில் வெளிக்கிடுங்க. உப்புப் படிந்த கண்ணாடியில் எதிர் லைட் பட்டால் முழுக்க வெள்ளைதான்.

மாட்டைக் கண்டால் ஹோன் அடித்துக்கொண்டு அதே ஸ்பீடில் போகாதீங்க. படுத்த மாடு ஹோனுக்கு எழும்பாது, எருமை திரும்பியும் பாராது. நேராகப் பிடித்துக்கொண்டு பிரேக்கை அமத்துங்க. சட்டென்று வெட்டித் திருப்பினால் வலப்பக்கம் எதிர் வாகனம், இடப்பக்கம் வாய்க்கால். பாலத்தடியில் என்றால் வாவி. ஒரு மாடு கடந்தால் பின்னால் கன்று வரும், பொறுத்துப் போங்க. மோதித்தான் விட்டது என்றால் ஓடித் தப்பாதீங்க. அவசர லைட்டைப் போட்டு, பின்னால் வருகிறவர்களுக்குக் காட்டுங்க. இருட்டில் கிடக்கிற செத்த மாடு அடுத்த மோட்டார் சைக்கிளுக்கு எமன். காயம் என்றால் 1990, இலவச அம்புலன்ஸ். தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் எடுத்தவர்கள் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்க: மாட்டில் மோதி உடைந்த உங்கட சொந்த பம்பருக்கு அதில் ஒரு சதமும் வராது.

மாடு ஏன் ரோட்டில்?

மாடு ரோட்டில் படுப்பது திமிரில் இல்லை. மாரியில் வயல் தண்ணி, வளவு சேறு, வாவிக்கரை சதுப்பு. சுற்றுவட்டாரத்தில் உயர்ந்த, காய்ந்த, பகல் வெயிலின் சூடு மிச்சமிருக்கிற ஒரே இடம் கார்பட் ரோட்டுத்தான். நீங்களும் நாங்களும் மாடாக இருந்தால் அங்கேதான் படுப்போம்.

முந்தி மாடுகளுக்குப் போக இடம் இருந்தது. பெரும்போகத்துக்கு வயல் விதைத்ததும் பட்டிகளை மேற்கே மேய்ச்சல் தரைகளுக்குச் சாய்த்துக்கொண்டு போவார்கள். அறுவடை முடிந்ததும் வயலுக்கு வரும், வைக்கோல் தின்னும், எருப் போடும். வயல்காரருக்கும் பட்டிக்காரருக்கும் இடையில் பரம்பரையாக இருந்த ஏற்பாடு இது. மயிலத்தமடு, மாதவணை அப்படியான தரைகள். மகாவலி வலயத்துக்குள் அகப்பட்ட அந்த நிலத்தில் வெளி மாவட்டங்களில் இருந்து வந்தவர்கள் பயிர் செய்யத் தொடங்கிய பிறகு, தங்கட மாடுகள் சுடப்படுவதாகவும் வெட்டப்படுவதாகவும் பண்ணையாளர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டு வருகிறார்கள். 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில், அதே ஏ15 வீதி ஓரத்தில், கொட்டில் போட்டுக் குந்தினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் அந்தப் போராட்டத்துக்குப் போய்த் திரும்பிய கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் கைதானார்கள்.

அந்தக் கொட்டிலைக் கடந்து எத்தனை கார் போயிருக்கும்? கண்ணாடியை இறக்கி என்ன விசயம் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? மேய்ச்சல் தரை போகும்போது வாய் திறக்காதவர்கள், மாடு ரோட்டுக்கு வந்தவுடன் சட்டம் பேசுகிறார்கள்.

படுவான்கரைக் கதையும் இதுதான். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரைக்கும் அந்தத் துறையில் வாவியைக் கடப்பது பாதையில்தான். பாலம் நல்லது. அம்மாமாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர அது வேண்டும், யாரும் மறுக்கவில்லை. ஆனால் அங்கே மாடு முந்தி, கார் பிந்தி. பிந்தி வந்தவர் முந்தி இருந்தவரைக் கட்டாக்காலி என்பது என்ன நியாயம்?

"அப்ப மாட்டுக்காரரில் பிழையே இல்லையா?"

இருக்கு. ரோட்டில் கிடக்கிற எல்லா மாடும் மயிலத்தமடுவில் இருந்து வந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. பால் கறந்துவிட்டு டவுனுக்குள் குப்பை தின்னத் துரத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வளவு இருந்தும் இரவில் கட்டாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் சபை தண்டம் அறவிடட்டும், சரிதான். ஆனால் பிடித்து அடைப்பதால் புல் முளைக்காது. தண்டம் கட்டி மீட்ட மாட்டை எங்கே கொண்டுபோய் விடுவது என்று சபையும் சொல்வதில்லை.

செய்யக்கூடியது இருக்கு. 2014இல் பின்லாந்தில் பனிமான் வளர்ப்போர் சங்கம் வாகனங்களில் மோதிச் சாகிற மான்களைக் காப்பாற்ற, அவற்றின் கொம்பில் லைட் பட்டால் ஒளிருகிற பூச்சைப் பூசிப் பார்த்தது. இந்தியாவிலும் சில இடங்களில் மாட்டின் கொம்பில் ஒளிரும் பட்டி ஒட்டினார்கள். லொறிக்குப் பின்னால் ஒட்டுகிற அதே பட்டிதான். நம்மட சபைகள் தண்டக் காசில் ஒரு பங்கை எடுத்து, மாட்டுக் கழுத்துக்கு ஒளிரும் பட்டி கட்டலாம். மாடு வழமையாகப் படுக்கிற இடங்கள் ஊராருக்குத் தெரியும், அங்கே தெருவிளக்கும் எச்சரிக்கைப் பலகையும் போடலாம். இதெல்லாம் சின்ன வேலை. பெரிய வேலை மேய்ச்சல் தரையை எல்லை போட்டுப் பண்ணையாளருக்கு உறுதிப்படுத்துவது. அதைக் கேட்க வேண்டியவர்களில் கார்க்காரரும் ஒருவர். சொந்த முன்கண்ணாடிக்காகவாவது கேளுங்க.

2021, 2022இல் பால்மாப் பைக்கற்றுக்கு லைனில் நின்ற நாடு இது. அப்போது கிராமத்தில் பால் தந்தது இந்த மாடுகள்தான். ஒவ்வொரு படத்திலும் செத்துக் கிடக்கிறது ஒரு வீட்டின் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்குகிற காசு. காருக்கு இன்சூரன்ஸ் வரக்கூடும். அந்த வீட்டுக்கு என்ன வரும்?

கார் வைத்திருக்கிற, கார் வாங்கப்போகிற எல்லாரிடமும் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். இன்றைக்கே லைட்டைத் துடையுங்க. பொழுதுபட்டால் 50ஐத் தாண்டாதீங்க. முன்சீட்டு, பின்சீட்டு எல்லாருக்கும் பெல்ட் போடுங்க. அடுத்த தடவை "கட்டாக்காலி" என்று கொமென்ட் எழுதக் கை போகும்போது, அதற்கு முதல் இரண்டு கேள்வி கேளுங்க: கார் என்ன ஸ்பீடில வந்தது? மாட்டின்ட தரையை யார் எடுத்தது?