ஓடுபாதையும் பொதுவழிதான்

ஹவாய் செருப்பு போட்டவரும் விமானத்தில் பறக்க வேண்டும் என்றார் பிரதமர். உடான் திட்டத்தின் முதல் விமானம் சிம்லாவிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய நாள் அது, 2017 ஏப்ரல் 27. ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய், சின்ன ஊருக்கும் விமானம், ஏழையும் பறக்கலாம் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

நமக்கு ஒரே ஒரு கேள்வி. அந்தச் செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு எந்தத் தெரு வழியாக விமான நிலையத்துக்குப் போவது?

கேலிக்காகக் கேட்கவில்லை. திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில் இராஜாவூர் என்றொரு ஊர். அங்கே ஆதிக்கச் சாதித் தெரு ஒன்றில் பட்டியல் சாதி மக்கள் செருப்பு போட்டு நடக்கக்கூடாது என்ற தடை இருந்தது. 2023 டிசம்பரில் அறுபது பேர் செருப்புக் காலோடு அந்தத் தெருவில் நடந்து அதை உடைத்தார்கள். சந்திரயான்-3 நிலவில் இறங்கி நான்கு மாதம் கழித்து! நிலவுக்கு வழி கண்டுபிடித்த நாட்டில், பக்கத்துத் தெருவுக்கு வழி கிடைக்க அறுபது பேர் கூட்டமாக நடக்க வேண்டியிருந்தது.

நம் திருவண்ணாமலை மாவட்டமும் சளைத்ததல்ல. அதே 2023-ல், ஜனவரி 30 அன்று, தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் முதல்முறையாகக் காலெடுத்து வைத்தார்கள். காவல்துறையைக் காவலுக்கு நிறுத்தித்தான் அது நடந்தது. ஆகஸ்ட்டில் செல்லங்குப்பம். அங்கேயும் அதே கதை, அதே காவல்.

இத்தனைக்கும் சட்டம் நூறு வருடம் பழையது. 1924-ல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொது அலுவலகம் எதிலும் எவரும் யாரையும் தடுக்கக்கூடாது என்று அரசாணை வந்தது. ஆணை வந்ததும் தெரு திறந்துவிட்டதா? இல்லை. தார் போட்டதால் எந்தத் தெருவும் பொதுவழி ஆகிவிடாது. அரசாணை போட்டதாலும் ஆகாது. நாம் நடந்தால்தான் அது பொதுவழி.

இதை மனதில் வைத்துக்கொண்டு வேலூருக்கு வாருங்கள் தோழர்களே. சேத்துப்பட்டு, போளூர், ஆரணிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மிக அருகில் இருக்கும் பொது விமான ஓடுபாதை அப்துல்லாபுரத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து ஓடுதளம். பிற்பாடு பயிற்சி விமானங்கள் ஏறி இறங்கிய இடம். பெரிய விமானங்களுக்கு அங்கே இடமில்லை. சிறு விமானங்களுக்கான சின்ன ஓடுபாதை. உடான் பட்டியலில் அதுவும் சேர்ந்தது. முனையம் கட்டினார்கள், ஓடுபாதையைச் சீர் செய்தார்கள். ‘விரைவில் விமானம்’ என்ற செய்தி வருடந்தோறும் பத்திரிகையில் வந்து போனது.

வணிகர்கள் கேட்பதெல்லாம் எப்போது திறப்பீர்கள் என்பதுதான். அரசியல்வாதிகள் கேட்பது, யார் ஆட்சியில் வந்தது என்று. நாம் கேட்க வேண்டியது வேறு. அங்கே நாம் யாராக இருக்கப்போகிறோம்? நிலம் கொடுத்தவரா, கூட்டிப் பெருக்குபவரா, வேலிக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்ப்பவரா, விமானத்தை ஓட்டுபவரா?

முதலில் நிலம். வடதமிழகத்தில் ஓடுபாதைக்கும் தொழிற்பேட்டைக்கும் நிலம் எடுக்கும் விதத்தை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். பரந்தூரில் ஐயாயிரம் ஏக்கருக்கு மேல். 2022-ல் அறிவிப்பு வந்தது முதல் ஏகனாபுரம் மக்கள் கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டார்கள். நம் செய்யாறு பக்கத்தில் மேல்மா. சிப்காட் விரிவாக்கத்தை எதிர்த்த விவசாயிகள் ஏழு பேர் மீது 2023 நவம்பரில் குண்டர் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்பு வலுத்த பிறகு திரும்பப் பெற்றார்கள்.

இந்தப் போராட்டங்களோடு நிற்கிறோம். நின்றபடியே ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நிலம் போகிறது என்று பேசும்போது பட்டா உள்ளவரின் பெயர் மட்டும்தான் பட்டியலில் வருகிறது. அந்த நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்துப் பிழைத்த காலனிக்காரருக்குப் பட்டாவும் இல்லை, இழப்பீடும் இல்லை. 2013-ம் ஆண்டு மத்தியச் சட்டம், சொந்த நிலம் இல்லாவிட்டாலும் அதை நம்பிப் பிழைத்த குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பமே என்கிறது. பட்டியல் சாதியினருக்குத் தனிப் பிரிவே வைத்திருக்கிறது. ஆனால் தமிழ்நாடு அரசு பரந்தூருக்குக் கையிலெடுத்தது தொழில் நோக்கங்களுக்கான 1997-ம் ஆண்டு மாநிலச் சட்டத்தை. ஏன் என்று தனியே விளக்க வேண்டுமா?

இதோடு பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையின் பேரில் 1892-ல் நமக்கென்று ஒதுக்கப்பட்டது. மற்றவருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. அதை மீட்கக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு உயிர்கள் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியாயின. காரணைப் போராட்டத்தை மறந்துவிட்டு இந்தப் பக்கத்தில் எவரும் நில எடுப்பைப் பற்றிப் பேச முடியாது. ஓடுபாதைக்கோ அதன் விரிவாக்கத்துக்கோ எந்த நிலம் எடுத்தாலும், அதில் பஞ்சமி நிலம் எவ்வளவு, இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று பழைய பதிவேட்டை வைத்து முதலில் வெளியிட வேண்டும். அப்புறம்தான் அளவுக்கல்.

அடுத்தது வேலை. விமான நிலையம் வந்தால் வேலை வரும் என்பார்கள். வரும். எந்த வேலை யாருக்கு என்பதுதான் கேள்வி. இந்திய விமான நிலைய ஆணையத்தின் நிரந்தர வேலையில் இட ஒதுக்கீடு உண்டு. நிலையத்தைத் தனியாரிடம் குத்தகைக்கு விட்டால் அந்த ஒதுக்கீடு வாசலிலேயே நின்றுவிடும். ஏர் இந்தியா அரசிடம் இருந்தவரை ஒதுக்கீடும் இருந்தது. 2022 ஜனவரியில் கை மாறியது. விமானத்தோடு சேர்த்து நம் பங்கையும்தான் விற்றார்கள். எந்த ஏலப் பத்திரத்தில் அதற்கு விலை போட்டிருந்தார்கள்?

ஒரே ஒரு வேலையில் மட்டும் ஒதுக்கீடு தேவைப்படுவதே இல்லை. ஒப்பந்தத் துப்புரவு. சட்டம் எதுவும் சொல்லாமலேயே அந்தத் துடைப்பம் நேராக நம் கைக்கு வந்து சேரும்.

தாட்கோ நம் பிள்ளைகளுக்கு விமானத் துறைப் பயிற்சி தருகிறது. பணிப்பெண், பயணியர் சேவை, தரைப்பணி. போகட்டும், நல்லது. படித்துவிட்டு நிமிர்ந்து நிற்கும் ஒவ்வொரு தங்கையையும் தம்பியையும் கொண்டாடுவோம். ஆனால் அரசின் கற்பனை ஏன் தரையோடு நின்றுவிடுகிறது? விமானத்துக்குள் விட்டாலும் தட்டு ஏந்தும் இடம் வரைதானா?

மூன்றாவது, விமானி இருக்கை. வணிக விமானி உரிமம் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். செலவு அரைக் கோடி ரூபாயைத் தொடுகிறது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் உயர்தரக் கல்வி உதவித்தொகை விதிகளில் தனியார் விமானப் பயிற்சிக்கு வைத்திருந்த உச்சவரம்பு ஆண்டுக்கு 3.72 லட்சம். மீதியை யார் கொடுப்பார்? காலனியில் எந்த வீட்டுப் பத்திரத்தை வைத்தால் வங்கி நாற்பது லட்சம் தரும்? கதவைத் திறந்துவைத்து, வாசற்படியைப் பத்தாள் உயரத்துக்குக் கட்டிய வேலை இது. உத்தரப் பிரதேசத்தில் ரேபரேலி பக்கம் ஃபர்சத்கஞ்சில் மத்திய அரசின் விமானப் பயிற்சி அகாடமி இருக்கிறது. சேர்க்கையில் இட ஒதுக்கீடும் இருக்கிறது. சேத்துப்பட்டு அரசுப் பள்ளியில் இயற்பியல் படிக்கும் பிள்ளைக்கு அப்படி ஒரு இடம் இருப்பதையாவது யாராவது சொன்னார்களா?

படியேறி உள்ளே போனாலும் சாதி பின்னாலேயே வரும். 2025-ல் ஒரு தனியார் விமான நிறுவனத்தின் பயிற்சி விமானி, தலித் இளைஞர், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் புகார் கொடுத்தார். அதிகாரிகள் தன்னைப் பார்த்து, விமானம் ஓட்டத் தகுதியில்லை, போய்ச் செருப்பு தைக்கச் சொன்னார்கள் என்பது அவர் புகார். நிறுவனம் மறுத்தது. உண்மையை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் அந்தப் புகாரைப் படித்த நம்மில் எவருக்காவது ஆச்சரியமாக இருந்ததா? ஹவாய் செருப்பு போட்டவரைப் பறக்கச் சொன்ன நாட்டில், பறக்கப் போனவருக்குச் செருப்பு நினைவூட்டப்படுகிறது என்றால், அதை நம்ப நமக்குச் சாட்சி தேவைப்படுவதில்லை. நம் வாழ்க்கையே சாட்சி.

இதை நம்மைப் போலவே வேறொரு மக்களும் கடந்து வந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் எந்த விமானப் பள்ளியும் சேர்க்க மறுத்ததால் பெஸ்ஸி கோல்மன் பிரெஞ்சு படித்து, பிரான்சுக்குப் போய், 1921-ல் உரிமம் வாங்கினார். பத்தாண்டு கழித்து சிகாகோவில் கார்னீலியஸ் காஃபி, ஜான் ராபின்சன் என்று இரண்டு மெக்கானிக்குகள். ராபின்சன் விமானப் பள்ளியில் துப்புரவு வேலை பார்த்தபடி பாடத்தைக் காதில் வாங்கியவர். சேர வந்தவர்களின் நிறத்தைப் பார்த்து மறுத்தார்கள். வழக்கு வரும் என்று தெரிந்த பிறகுதான் இடம் கொடுத்தார்கள்.

படித்து முடித்தும் விமான நிலையங்கள் அவர்களைச் சேர்க்கவில்லை. உட்கார்ந்து அழவில்லை. சங்கம் கட்டினார்கள். ராபின்ஸ் என்ற கறுப்பின மக்களின் சிற்றூரில் 1931-ல் தாங்களே நிலத்தைச் சமன் செய்து ஓடுபாதை போட்டார்கள். புயல் வந்து கொட்டகையையும் விமானங்களையும் நொறுக்கியது. வேறொரு சின்ன விமான நிலையத்தின் மூலையில் மறுபடி தொடங்கினார்கள். வில்லா பிரவுன் என்ற பெண்ணும் காஃபியும் அங்கே பள்ளியே நடத்தினார்கள். 1939-ல் அவர்களில் இருவர் ஓட்டை விமானம் ஒன்றை வாடகைக்கு எடுத்து வாஷிங்டன் வரை பறந்து, செனட்டர் ட்ரூமனைச் சந்தித்து, அரசு செலவில் தரும் விமானப் பயிற்சியில் எங்கள் பங்கு எங்கே என்று கேட்டார்கள். பங்கு கிடைத்தது. அமெரிக்க விமானப்படையின் முதல் கறுப்பின விமானிகள் வந்தது இந்தப் பாதையில்தான். பெரிய நகரத்துப் பெரிய விமான நிலையம் எதுவும் இதைச் செய்யவில்லை. ஒரு சின்ன ஓடுபாதையும், அதைச் சுற்றி ஒரு சங்கமும் செய்தன.

‘சோற்றுக்கே வழியில்லை, இவர்களுக்கு விமானம் கேட்கிறதா’ என்பார்கள். எதிரிகள் மட்டுமில்லை, நம் கூடவே கொடி பிடிப்பவர்களும் சொல்வார்கள். கல்லூரி கேட்டபோதும் இதையேதான் சொன்னார்கள். சோறு முதலில், படிப்பு பிறகு, மரியாதை அதற்கும் பிறகு என்று வரிசை போட்டுக் கொடுப்பவர் எப்போதும் வயிறு நிறைந்தவராகவே இருக்கிறார். ஆரணிப் பட்டு விமானம் ஏறிப் போகலாம், அதை நெய்தவரின் பிள்ளை ஏறினால் மட்டும் ஆடம்பரமா?

‘நில எடுப்பை எதிர்த்துக்கொண்டே விமானத்தில் பங்கு கேட்பது முரண் இல்லையா’ என்றும் கேட்பார்கள். இல்லை. பறிப்பதை எதிர்க்கிறோம். ஏற்கெனவே பொதுப் பணத்தில் போட்டு வைத்திருக்கும் பாதையில் பங்கு கேட்கிறோம். இரண்டும் ஒரே உரிமைதான்.

ஆகவே சேத்துப்பட்டு, ஆரணி, வேலூர்ப் பக்கத்து மாணவத் தோழர்கள் கையிலெடுக்க வேண்டிய கோரிக்கைகள் இவை.

அப்துல்லாபுரத்தில் அரசே ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி தொடங்கட்டும். அதில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு ஒதுக்கீட்டு இடமும் முழுச் செலவும் வேண்டும். பணம் இல்லை என்று சொல்ல முடியாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தை 2024-ல் தமிழ்நாடே நிறைவேற்றியிருக்கிறது. நமக்கான நிதி நமக்கே செலவாக வேண்டும் என்பதற்குத்தான் அந்தச் சட்டம்.

நிலையத்தைத் தனியாரிடம் கொடுத்தாலும் ஒதுக்கீடு தொடரும் என்று குத்தகைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். துப்புரவுப் பணியாளரை நிரந்தரமாக்க வேண்டும்.

ஓடுபாதையை ஒட்டி வாழும் மக்களின் மூச்சும் கணக்கில் வர வேண்டும். சிறு விமானங்கள் குடிக்கும் பெட்ரோலில் ஈயம் கலந்திருக்கிறது. கலிபோர்னியாவில் ரீட்-ஹில்வியூ என்ற சின்ன விமான நிலையத்தைச் சுற்றி வாழ்ந்த குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதை 2021-ல் ஓர் ஆய்வு காட்டியது. பெரும்பாலும் லத்தீன் அமெரிக்க வம்சாவழி உழைப்பாளர்கள் வாழும் பகுதி அது. மக்கள் விடாமல் பேசியதால் 2022 ஜனவரி முதல் அங்கே அந்த எரிபொருள் விற்பனை நின்றது. நம் பள்ளியிலும் ஈயமில்லாத எரிபொருள் வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேட்போம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் இந்த வாரமே எழுதுங்கள். நிலப் பதிவேடு, ஒப்பந்த விவரம், பயிற்சித் திட்டம், மூன்றையும் கேளுங்கள். பதிலை உங்கள் கிராம சபையில் உரக்கப் படியுங்கள்.

1924-ல் தெரு பொது என்றார்கள். நடந்துதான் அதைப் பொதுவாக்கினோம், இன்னும் நடந்துகொண்டிருக்கிறோம். அப்துல்லாபுரத்து ஓடுபாதையும் ஒரு தெருதான், கொஞ்சம் அகலமான தெரு. அதிலும் செருப்புக் காலோடு நடப்போம். நடந்து போய், விமானி இருக்கையில் உட்காருவோம்.

ஜெய்பீம்.