கறுத்துப்போகும் என்ற பயம்

மெல்பேர்ணில் மகளின் வீட்டில் தங்கியிருந்த நாள்களில், பேரனைப் பாடசாலைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு என்னுடையதாயிற்று. ஒருநாள் பாதி வழியில் நின்றுவிட்டான். "அம்மப்பா, தொப்பியை விட்டுட்டு வந்திட்டன். தொப்பி இல்லாட்டி விளையாட விடமாட்டினம்" என்றான். திரும்பி நடந்தோம். வாசலில் நின்ற என் மனைவி தொப்பியை அவன் தலையில் அழுத்தி வைத்தபடி, "போடு ராசா, இல்லாட்டிக் கறுத்துப்போவாய்" என்றாள்.

ஒரே தொப்பிக்கு இரண்டு காரணங்கள். பாடசாலை அஞ்சியது புற்றுநோய்க்கு. நாங்கள் அஞ்சியது நிறத்துக்கு.

பாடசாலையின் அச்சத்துக்கு வரலாறு உண்டு. வெளிறிய தோலுடைய ஐரோப்பியர் சென்று குடியேறிய, வெய்யில் மிகுந்த நாடு அவுஸ்திரேலியா. தோற் புற்றுநோய் அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த நோய். 1981இல் 'சிட்' என்ற கேலிச்சித்திரக் கடற்பறவை தொலைக்காட்சியில் தோன்றி, சட்டை அணி, கிறீம் பூசு, தொப்பி வை என்று பாடி ஆடியது. இன்று பாட்டனாராகிவிட்டவர்களுக்கும் அந்தப் பாட்டு மனப்பாடம். குயின்ஸ்லாந்தின் நம்பூர் நகரில் 1992 முதல் 1996 வரை ஆயிரத்து அறுநூறுக்கு மேற்பட்டோரிடம் ஓர் ஆய்வு நடந்தது. நாள்தோறும் கிறீம் பூசியோரிடையே மெலனோமா என்னும் கொடிய புற்றுநோய் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தமையை அதன் தொடர்ச்சி 2011இல் காட்டிற்று. விளம்பரதாரரின் வாக்கன்று இது, நிறுவப்பட்ட செய்தி.

ஆயினும் இச்செய்தி எங்கள் வீடுகளுக்கு வரும்போது உருமாறிவிடுகிறது. எங்கள் தோலிலுள்ள மெலனின் புற ஊதாக் கதிர்களைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. எனவேதான் 2024இல் அவுஸ்திரேலிய நிபுணர்கள் வெளியிட்ட வழிகாட்டல், கருந்தோலினர் நாளாந்தம் கிறீம் பூசத் தேவையில்லை, நெடுநேரம் கடும் வெய்யிலில் நிற்க நேர்ந்தாற் போதும் என்கிறது. அவர்களுக்கு விற்றமின் டி குறைபாடே கூடுதற் கவலை. மெலனின் குன்றிப் பிறக்கும் பிள்ளைகளின் கதை வேறு. அவர்களுக்கு நிழலும் முழுக்கைச் சட்டையும் உயிர்க்காப்பு. அத்தகைய பிள்ளையை வெள்ளைக்காரப் பிள்ளை என்று கொஞ்சி வெய்யிலில் விளையாட விடும் பெற்றோரை நான் கண்டிருக்கிறேன். அதேவேளை, நாளாந்தம் கிறீம் தேவைப்படாத பெண் வெள்ளையாக்கும் கிறீமை வாங்குகிறாள். அவற்றுட் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுப்பது.

இதைவிட என்னை உறுத்துவது ஒன்றுண்டு. கறுப்புத் தோலுக்குத் தோற் புற்றுநோய் வராது என்ற எங்கள் நம்பிக்கை. அரிதாக வரும், வெய்யில் படாத இடத்திலும் வரும். உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகியனவே எங்களவரிடம் மெலனோமா தோன்றும் முக்கிய இடங்கள். பொப் மார்லியைக் கொன்றது கால்விரல் நகத்தடியில் தோன்றிய மெலனோமா. 1981இல் இறந்தபோது வயது 36. தொப்பியும் கிறீமும் அவரைக் காத்திரா.

என்னோடு இருபது ஆண்டுகள் பணியாற்றிய அச்சுக்கோப்பாளர் ஒருவரின் குதிகாலில் கரும்புள்ளி ஒன்று இருந்தது. ஆணி என்றார். நாங்களும் ஆணி என்றோம். கடையில் வாங்கிய பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு ஓராண்டுக்கு மேல் நொண்டினார். இரத்தம் கசியத் தொடங்கிய பின்னரே வைத்தியரிடம் போனார். அதற்குள் நோய் தொடை இடுக்கு வரை ஏறிவிட்டது. அந்தக் காலை நாள்தோறும் கண்டவன் நான். செய்தி தேடித் தின்றவன். ஒருநாளும் 'காட்டுங்கள் பார்ப்போம்' என்று கேட்டதில்லை.

ஆறாத புண், பரவும் கருமை, நகத்தில் அகன்றுகொண்டே போகும் கறுப்புக் கோடு ஆகியவற்றை வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். நகக்கோடுகள் பல எங்கள் தோலுக்கு இயல்பானவை. ஆனால் எது இயல்பு என்பதை மருந்துக்கடைக்காரர் தீர்மானிக்கக் கூடாது.

அன்றிரவு மனைவியிடம் பேரனின் தொப்பியைப் பற்றிப் பேசினேன். "சரி, கறுப்பைப் பற்றி இனிச் சொல்லேல்லை" என்றாள். பின்னர் விளக்கைப் போட்டு, இருவரும் ஒருவர் உள்ளங்காலை மற்றவர் பார்த்தோம்.