கழுத்து நோவும் தாயத்தின் கீர்த்தியும்

நம் நாட்டில் ஒருவனுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டு, அந்த நோவு தோளில் இறங்கிக் கைவிரல் வரையில் சுரீரென்று ஓடுமேயானால், காரணஞ் சொல்ல வருகின்றவர்களுக்குக் குறைவே கிடையாது. ஒருவர் வாயு என்பார். ஒருவர் காத்துக் கருப்பு என்பார். மற்றொருவர் ஏழரைச் சனி என்பார். பிறகு மந்திரிப்பும், தாயத்தும், பரிகாரச் செலவும் நடக்கும். இரண்டு மாதஞ் சென்று நோவு தணிந்துவிட்டாலோ, கீர்த்தி முழுவதும் தாயத்துக்கே போய்ச் சேருகின்றது. இந்தக் கீர்த்தி நியாயமானதுதானா என்றே நாம் கேட்கின்றோம்.

கழுத்தில் 7 எலும்புகளும், அங்கிருந்து புறப்படும் 8 ஜோடி நரம்புகளும் இருக்கின்றன. மேலிரண்டு எலும்புகள் நீங்கலாக, மற்ற எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல் ஒவ்வொரு வட்டு இருக்கின்றது. அதையே டிஸ்க் என்கிறார்கள். வெளியே நார், உள்ளே கூழ். தேய்வினால் நார் கிழிந்து, கூழ் பிதுங்கி, பக்கத்து நரம்பின் வேரை நெருக்கினால் நோவு கைக்கு ஓடுகின்றது. பெரும்பாலும் கட்டைவிரல் பக்கம் மரத்தால் 6-வது நரம்பு, நடுவிரலானால் 7-வது, சுண்டுவிரலானால் 8-வது. கிரகந்தான் காரணமென்றால், அது நரம்பின் வழி பார்த்து விரல் விரலாகவா பிடிக்கும்?

முன்னே டாக்டர்களுங்கூட இந்தப் பிதுக்கத்தை ஒருவிதக் கட்டியென்றே எண்ணியிருந்தார்கள். 1934-ல் அமெரிக்காவில் மிக்ஸ்டர், பார் என்ற இரு டாக்டர்கள், அது கட்டியல்ல, பிதுங்கிய வட்டே என்று எடுத்துக்காட்டினார்கள். வைத்திய உலகமும் தன் கருத்தை மாற்றிக்கொண்டது. "முன்னோர் சொன்னதாயிற்றே" என்று பிடிவாதம் பிடிக்கவில்லை.

நிற்க. இந்நோயில் பெரும்பாலோருக்கு அறுவையின்றியே சில வாரங்களில் அல்லது சில மாதங்களில் நோவு தணிந்துவிடுகின்றது. பிதுங்கிய பாகம் தானே சுருங்கிவிடுவதும் உண்டு. ஆகவே அந்நாளில் தாயத்துக் கட்டியவனுக்கும் குணமாகும், கட்டாதவனுக்கும் குணமாகும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையல்லாமல் இது வேறென்ன?

"அப்படியானால் கட்டிக்கொள்வதால் நஷ்டமென்ன?" என்பீர்கள். நஷ்டம் காசு மாத்திரமல்ல. சிலருக்கு வட்டு நடுவிலுள்ள தண்டுவடத்தையே நெருக்கும். அப்போது சட்டைப் பொத்தான் போட விரல் வராது; நடை தள்ளாடும்; சிறுநீர் கழிப்பதில் கோளாறு வரும். இவர்கள் தாயத்தை நம்பிக் காலங்கடத்தினால், போன பலம் திரும்பாமலே போகலாம். கழுத்தை நெட்டி முறிக்கக் கொடுப்பதும் ஆபத்து. மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் கிழியக்கூடும். இடது கை நோவோடு மார்பு அழுத்தமும் வியர்வையும் கண்டால், அது இருதயக் கோளாறாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கீழே விழுந்தபின் வந்த நோவையும், காய்ச்சலோடு வந்த நோவையும் அலட்சியம் செய்யலாகாது.

மற்றவர்களுக்கு வைத்தியம் எளிது. தலைச்சுமையை நிறுத்துங்கள், ஆனால் படுத்தே கிடக்காதீர்கள். டாக்டர் சொல்லும் வலி மாத்திரையை அளவோடு சாப்பிடுங்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உடையவர்கள் தாமே வாங்கி விழுங்கக்கூடாது. நோவு சற்றுத் தணிந்ததும், தெரிந்தவரிடம் கழுத்துப் பயிற்சி கற்றுக்கொள்ளுங்கள்.

டாக்டரிடத்திலும் குருட்டு நம்பிக்கை வேண்டியதில்லை. 1990-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், கழுத்து நோவே இல்லாத 63 பேரை எம்.ஆர்.ஐ. படமெடுத்துப் பார்த்ததில், சுமார் ஐந்திலொருவருக்குக் கோளாறு தெரிந்தது. ஆகவே படத்தில் வட்டுப் பிதுங்கியிருக்கின்றது என்பதற்காக மாத்திரம் அறுவைக்குச் சம்மதிக்காதீர்கள். கையின் பலம் குறைந்துகொண்டே வந்தாலும், வாரக்கணக்கில் வைத்தியஞ் செய்தும் நோவு தாங்க முடியாதிருந்தாலும், தண்டுவடம் நெருக்கப்பட்டாலும் அறுவை அவசியமாகலாம். எதற்காக என்று கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

தாயத்துக்காரரைக் காரணங் கேட்டால் கோபிப்பார். நல்ல டாக்டரைக் கேட்டால் எந்த விரல், எந்த நரம்பு என்று காட்டுவார். கழுத்து உங்களுடையது, அதை யாரிடம் ஒப்புவிப்பது என்பதை உங்கள் அறிவைக் கொண்டே முடிவு செய்யுங்கள்.