எல்லாம் இனாம்!

போன மாதம் ஒரு கல்யாணத்தில் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இலைக்காரர் தம் பெண்ணுக்கு வரன் தேடிக்கொண்டிருப்பவர்.

"பையன் தோஹாவில் இருக்கிறான், ஸார்! அமெரிக்க சர்வகலாசாலை ஒன்றின் கிளை அங்கே இருக்கிறதல்லவா, அதில் லாபரட்டரி உத்தியோகம். சம்பளத்தை விடுங்கள். வீடு இனாம். நாளைக்குக் குழந்தைகள் பிறந்தால் பள்ளிக்கூடச் சம்பளம் இனாம். வருஷத்துக்கு ஒரு தடவை விமான டிக்கெட் இனாம். வைத்தியமும் இனாம்!"

ஒவ்வோர் இனாமுக்கும் ஒரு விரலை மடக்கினார். அவர் இலையில் ரசம் ஆறிக்கொண்டிருந்தது.

நேயர்களே, இப்படிப்பட்ட வரன் உங்கள் வீட்டுக்கும் வரலாம். உங்கள் பிள்ளைக்கே அப்படி ஓர் உத்தியோகம் வரலாம். ஆகையால் இந்த 'இனாம்' என்கிற சமாசாரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடுவோமே!

தோஹா, கத்தார் நாட்டின் தலைநகரம். அங்கே 'கல்வி நகரம்' என்று ஒரு பகுதி. 1998-இல் வர்ஜீனியா காமன்வெல்த் சர்வகலாசாலை முதலில் அங்கே கடை விரித்தது. 2001-இல் கார்னெல் சர்வகலாசாலையின் வைத்தியக் கல்லூரி வந்தது. 2003-இல் டெக்ஸாஸ் ஏ அண்டு எம், 2004-இல் கார்னெகி மெலன், 2005-இல் ஜார்ஜ்டவுன், 2008-இல் நார்த்வெஸ்டர்ன் என்று வரிசையாக வந்தன. பாலைவனத்துக்கு ஆசிரியர்களும் சிப்பந்திகளும் சும்மா வருவார்களா? வரவழைக்கத்தான் இந்தப் படிகளும் சலுகைகளும்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. இரும்பு வியாபாரத்தில் கோடீசுவரரான ஆண்ட்ரு கார்னெகி 1890-இல் கார்னெல் சர்வகலாசாலையின் தர்மகர்த்தாக்களில் ஒருவரானார். அங்கே புரொபஸர்கள் வாங்குகிற சம்பளத்தைப் பார்த்துத் திடுக்கிட்டுப் போனாராம். பிறகு 1905-இல் ஒரு கோடி டாலர் கொடுத்து அவர்களுக்குப் பென்ஷன் ஏற்பாடு செய்தார். அதிலிருந்து 1918-இல் பிறந்த பென்ஷன் ஸ்தாபனம் இன்றும் அமெரிக்கக் கல்லூரிக்காரர்களின் முதுமைக்குத் துணையாக இருக்கிறது. வாத்தியாருக்கு இன்றைய சம்பளத்தைவிட நாளைய சோறுதான் கவலை என்பது அந்த இரும்பு மனுஷருக்குப் புரிந்திருந்தது. பந்திக்காரருக்குப் புரியவில்லை!

நான் அவரிடம் கேட்டேன்: "அடிப்படைச் சம்பளம் எவ்வளவு?"

"அதெல்லாம் மொத்தமாகத்தான் சொன்னான். மாதம் இருபதாயிரம் ரியால்."

மொத்தம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கத்தாரின் 2004-ஆம் வருஷத்துத் தொழிலாளர் சட்டப்படி, உத்தியோகத்தை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடை, ஒவ்வொரு வருஷ சேவைக்கும் குறைந்தது மூன்று வாரச் சம்பளம். எந்தச் சம்பளம்? கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளம். வீட்டுப் படியும் வண்டிப் படியும் அந்தக் கணக்கில் ஏறமாட்டா. ஒரு பையனுக்கு அடிப்படை 10,000 ரியால், படிகள் 10,000 ரியால். இன்னொருவனுக்கு அடிப்படை 16,000, படிகள் 4,000. இருவரும் ஊருக்கு எழுதுவது இருபதாயிரம் என்றுதான். ஐந்து வருஷம் கழித்துத் திரும்பும்போது முதல்வன் கையில் 35,000 ரியால். இரண்டாமவன் கையில் 56,000. சர்வகலாசாலைகள் தங்களுக்கென்று தனி விதிகள் வைத்திருப்பதும் உண்டு. பையன் எந்த விதியின் கீழ் வருகிறான் என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஆனாலும் பணிக்கொடை, பென்ஷன் பிடித்தம் எல்லாம் பெரும்பாலும் அடிப்படைச் சம்பளத்தை வைத்தே போடப்படுகின்றன. படி அந்த ஊரிலேயே கரைந்துவிடும். அடிப்படைதான் கூட வரும்.

அடுத்தது, எந்த ஊரில் வைத்து வேலைக்கு எடுத்தார்கள் என்பது. இந்தக் கிளைகளில் பலவற்றில் இரண்டு தினுசு மனிதர்கள் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் அமெரிக்கத் தாய் ஸ்தாபனத்திலிருந்து அனுப்பப்பட்டவர். இன்னொருவர் கிளையிலேயே நேராக நியமிக்கப்பட்டவர். வேலை ஒன்றாக இருக்கலாம். சலுகைப் பட்டியல் ஒன்றாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முதலாமவருக்கு அமெரிக்கப் பென்ஷன் தொடரும், வெளிநாட்டுச் சேவைக்கென்று தனியாக ஒரு படியும் கிடைக்கலாம். (அமெரிக்க வெளிநாட்டு இலாகா தன் சிப்பந்திகளுக்கு, ஊரின் கஷ்டத்தைப் பொறுத்துச் சம்பளத்தில் 5 முதல் 35 சதவிகிதம் வரை கஷ்டப் படி கொடுக்கிறது. வெயிலுக்கும் தூசிக்கும்கூட சதவிகிதம் போட்டு வைத்திருக்கிறார்கள், பாருங்கள்!)

ஆனால் அமெரிக்கப் பிரஜைக்கு எல்லாம் பாலும் தேனும் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் எந்த நாட்டில் சம்பாதித்தாலும் தாய்நாட்டு வரி அதிகாரிக்குக் கணக்குக் காட்டவேண்டும். வெளிநாட்டில் உழைத்த வருமானத்தில், 2025-ஆம் வருஷத்துக்கு 1,30,000 டாலர் வரை விலக்கு உண்டு. அதற்கு ஒரு வழி, பன்னிரண்டு மாதத்தில் 330 முழு நாட்கள் அமெரிக்காவுக்கு வெளியே, அந்நிய நாடுகளில் இருப்பது. சர்வகலாசாலை கொடுக்கும் 'இனாம்' வீட்டையும், குழந்தையின் பள்ளிக்கூடச் சம்பளத்தையும் பொதுவாக வருமானமாகவே எண்ணுவார்கள். கையில் காசு வராமலே வரி வரும்! இதனால் ஏற்படும் அதிகப்படி வரியைச் சில ஸ்தாபனங்கள் தாங்களே ஏற்றுக்கொள்கின்றன. சில, 'உங்கள் வரி உங்கள் பாடு' என்று கையை விரித்துவிடுகின்றன.

இதில் ஒரு வேடிக்கை. நம் ஊரில் பிறந்து அமெரிக்கப் பிரஜையாகிவிட்ட புரொபஸர் ஒருவர் தோஹாவில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கும்பகோணத்தில் இருக்கும் தாயாரை இரண்டு மாதம் வந்து பார்த்தாலும் 330 நாள் கணக்குக்குப் பங்கம் இல்லை. கும்பகோணமும் அந்நிய நாடுதானே! பிட்ஸ்பர்க்கில் படிக்கும் மகளை இரண்டு மாதம் போய்ப் பார்த்தால் அந்தக் கணக்கு உதைத்துவிடும். ஆனால் வருஷாந்தர டிக்கெட்டோ, வேலைக்கு எடுத்த ஊருக்குத்தான் என்று எழுதியிருக்கும். டிக்கெட் ஒரு திசையில் இழுக்கும், வரி இன்னொரு திசையில் இழுக்கும்.

இனி, நம் வீடுகளில் மிகவும் உறைக்கிற விஷயம். ஒப்பந்தக் கடிதத்தில் 'குடும்பம்' என்றால் அநேகமாக மனைவி அல்லது கணவன், வயது வராத குழந்தைகள், அவ்வளவுதான். அப்பாவும் அம்மாவும் அந்த அகராதியில் இல்லை. வைத்திய இன்ஷூரன்ஸும் அப்படியே. பெற்றோரைக் கூட்டி வைத்துக்கொள்ள விரும்பும் பிள்ளை அவர்கள் டிக்கெட்டையும் ஆஸ்பத்திரிச் செலவையும் தானே சுமக்கவேண்டியிருக்கும்.

மனைவியின் பெயர் பட்டியலில் இருக்கிறது, சரி. டிக்கெட் உண்டு, இன்ஷூரன்ஸ் உண்டு. அவள் இங்கே விட்டுவிட்டுப் போகிற உத்தியோகத்துக்கு என்ன படி? அவளுடைய சீனியாரிட்டிக்கு? அங்கே அவள் வேலை பார்க்கத் தனியாக அனுமதி வேண்டும். அதற்குச் சர்வகலாசாலை உதவுமா என்பதைக் கடிதத்தில் தேடிப் பாருங்கள்.

கிளையையே மூடிவிட்டால் என்ன ஆகும் என்றும் கேட்டுவைக்கலாம். அபசகுனமாகச் சொல்லவில்லை. 2024 பிப்ரவரியில் டெக்ஸாஸ் ஏ அண்டு எம் நிர்வாக சபை, தன் தோஹா கிளையை 2028-க்குள் மூடிவிடுவது என்று தீர்மானித்தது. இருபது வருஷம் நடந்த கிளை! அங்கே முன்னறிவிப்பாவது நாலு வருஷம் இருந்தது. எல்லா இடத்திலும் அப்படி இருக்கும் என்று எப்படி நம்புவது? பள்ளி வருஷத்தின் நடுவே வேலை போனால் குழந்தையின் சம்பளத்தை யார் கட்டுவார்கள், வீட்டை எத்தனை நாளில் காலி செய்யவேண்டும், சாமான்களைத் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது? இனாம் வீட்டின் கஷ்டம் இதுதான். உத்தியோகம் போகிற அன்றே கூரையும் போய்விடும்.

இத்தனையையும் பந்தியில் சொல்லி முடிக்க முடியுமா? பாதியிலேயே பாயசம் வந்துவிட்டது. கடைசியாக ஒன்றுதான் கேட்டேன்.

"ஒப்பந்தக் கடிதத்தை வாங்கிப் பார்த்தீர்களா?"

"கடிதமா? ஜாதகம் வாங்கிப் பார்த்தேன்!" என்றார்.

"பெண் என்ன செய்கிறாள்?"

"பாங்கியில் ஆபீஸர். ஏழு வருஷ சர்வீஸ்."

நாலு நாள் கழித்து டெலிபோன் செய்தார். பையன் நல்ல பையன். முகம் சுளிக்காமல் கடிதத்தை அனுப்பிவிட்டானாம். அடிப்படை பன்னிரண்டாயிரம். பள்ளிக்கூடச் சம்பளம் இரண்டு குழந்தைகளுக்கு, அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. மனைவியின் உத்தியோகத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைப் பற்றிப் பெண்ணே ஞாயிற்றுக்கிழமை அவனுடன் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறாளாம்.