பிள்ளைக்குப் பிடித்த பள்ளி பெற்றோருக்குப் பிடிக்காமற் போனது ஏன்?

செயல்வழிக் கற்றல் என்ற பெயரைக் கேட்காத தோழர்கள் நம்மில் குறைவு. பலருடைய பிள்ளைகள் அந்த முறையிலேயே படித்து வெளியே வந்து, இன்று வேலைக்கும் போகிறார்கள். 2003-ம் ஆண்டில் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் அது தொடங்கியது. 2007-08-ல் தமிழ்நாடு முழுவதும் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளுக்கும் உதவி பெறும் பள்ளிகளுக்கும் பரவியது. ஒரு கட்சியின் ஆட்சியில் பிறந்து மறு கட்சியின் ஆட்சியில் வளர்ந்தது. ஆட்சி மாறினால் பெயர்ப்பலகை முதற்கொண்டு மாறுகிற நம் நாட்டிலே இது அபூர்வந்தான்!

ஆனால் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த சிறுவர் சிறுமியரைக் கேட்டால் ஒரு கதை சொல்வார்கள். அவர்களை அனுப்பிவைத்த தாய் தந்தையரைக் கேட்டால் வேறொரு கதை சொல்வார்கள். பிள்ளைகள் அதை விரும்பினார்கள். பெற்றோரில் பலர் விரும்பவில்லை. விரும்பாததோடு நில்லாமல், பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கட்டணப் பள்ளியின் வாசலுக்குப் போனார்கள். அந்த முறை இன்று பழைய வடிவில் இல்லை. ஆயினும், பள்ளியிலே புதுமை புகும்போதெல்லாம் இதே பிளவு எழுகிறது. ஆகவே இதைப் பேசியாக வேண்டும்.

முறை இன்னது என்று சுருக்கமாகச் சொல்வோம். 1 முதல் 4 வரையிலான வகுப்புகளில் பாடங்கள் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு படிக்கும் அட்டைகள், அட்டைதோறும் ஒரு படச்சின்னம், சுவரிலே ஏணிப்படி வரைந்த ஒரு பெரிய தாள். பிள்ளை வந்ததும் தன் வருகையைத் தானே பதிவு செய்யும். ஏணியிலே தான் நேற்று நின்ற இடத்தைப் பார்த்து, அடுத்த அட்டையை எடுத்துக்கொண்டு பாயில் போய் உட்காரும். சில அட்டைகளை ஆசிரியர் கற்றுக்கொடுப்பார், சிலவற்றைக் கூடப் படிக்கும் பிள்ளை சொல்லிக்கொடுக்கும், சிலவற்றைத் தானே செய்யவேண்டும். சுவரின் அடிப்பாகத்தில் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. பரீட்சை தனியாகக் கிடையாது. அதுவும் ஓர் அட்டைதான். ஆசிரியருக்கு நாற்காலி இல்லை, அவரும் பாயில்தான் அமர்ந்தார்.

பிள்ளைக்கு இதிலே என்ன கிடைத்தது? பயம் போயிற்று. அடுத்தவனைப் பார்த்து ஓடவேண்டிய அவசியம் போயிற்று. இவற்றைவிடப் பெரிய காரியம் ஒன்று உண்டு. நம் வர்க்கத்தின் பிள்ளைகளுக்கு மட்டுமே அதன் அருமை தெரியும். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகிற தொழிலாளியின் மகன் இரண்டு மாதம் பள்ளிக்கு வரமாட்டான். பழைய வகுப்பிலே அவன் திரும்பி வரும்போது பாடம் எங்கோ போயிருக்கும். கடைசி வரிசையில் உட்காருவான், ஒன்றும் விளங்காது, அடி வாங்குவான், அப்புறம் வரவே மாட்டான். அவன் பெயரைப் பதிவேட்டில் 'இடைநின்றவன்' என்று எழுதுவார்கள். இந்த முறையிலோ, அவன் விட்டுப்போன படி அவனுக்காக அங்கேயே காத்திருந்தது. வந்த அன்றே அந்த அட்டையை எடுக்கலாம். தங்கைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் நின்றுவிட்ட சிறுமிக்கும் அப்படியே.

இது தற்செயலாக வாய்த்ததல்ல. இதன் மூலம் ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷி வேலியின் கிராமக் கல்வி மையம். அங்கே வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் கட்டணம் கட்டிப் படிக்கும் விடுதிப் பள்ளி ஒன்று உண்டு. பலர் அதிலிருந்துதான் இம்முறை வந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். அதுவல்ல. சுற்றுப்புறக் கிராமங்களில் ஒரே ஆசிரியர் எல்லா வகுப்புப் பிள்ளைகளையும் ஒன்றாக வைத்துக்கொண்டு நடத்தும் சிறு பள்ளிகளுக்காக உருவாக்கப்பட்டது இது. தமிழ்நாட்டிலும் சென்னைக்கு வருமுன், 1990-களில் வேலூர் மாவட்டத்தில், கொத்தடிமைத்தனத்திலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளுக்கான பள்ளிகளில் இதன் தொடக்கம் இருந்தது. ஏழைப் பிள்ளைக்காகவே செய்த சட்டை. அளவு சரியாகத்தான் இருந்தது.

அப்படியானால் தகப்பன் ஏன் முகம் சுளித்தான்?

இரவு வேலை முடிந்து வருகிறவன் பையைத் திறந்து பார்க்கிறான். வீட்டுப்பாடம் இல்லை. நோட்டில் சிவப்பு மையில் மதிப்பெண் இல்லை. "இன்றைக்கு என்னடா படித்தாய்?" என்றால், "முயல் அட்டை முடித்தேன் அப்பா" என்கிறான் பையன். அடுத்த வீட்டுப் பிள்ளையோ, டை கட்டிக்கொண்டு, ஆங்கிலப் பாட்டை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறது. பள்ளிக்குப் போய் எட்டிப் பார்த்தால் பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில், ஆசிரியர் தரையில். 'சொல்லிக்கொடுக்க ஆளில்லை, விளையாடவிட்டிருக்கிறார்கள்' என்ற முடிவுக்கு அவன் வந்தால், அது குற்றமா?

"படிக்காத பெற்றோர், அவர்களுக்குப் புரியாது" என்று இதற்குப் பதில் சொன்ன அதிகாரிகள் உண்டு. இந்தப் பேச்சை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாதவனாக இருக்கலாம். தன் பிள்ளையின் நாளை என்னாகும் என்று கணக்குப் போடத் தெரியாதவனல்ல. 5-ம் வகுப்புக்குப் பிறகு அவன் பிள்ளை அட்டையில்லாத உலகத்துக்குப் போயாகவேண்டும். அங்கே தடித்த புத்தகம், மணியடித்தால் பரீட்சை, 10-ம் வகுப்பில் மதிப்பெண், அதைப் பார்த்துத்தான் மேற்படிப்பு. கீழே ஏணி வைத்த சர்க்கார் மேலே மதிலை அப்படியே விட்டு வைத்திருந்தது. அந்த மதிலைத் தகப்பன் கண்டான். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்?

அவன் சந்தேகத்துக்குப் பழைய வேர் ஒன்றும் உண்டு. 1953-ல் ராஜாஜி சர்க்கார் கிராமப் பள்ளிகளுக்குப் புதிய ஆரம்பக் கல்வித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பள்ளியில் 3 மணி நேரம் படிப்பு, மீதிப் பொழுது தகப்பன் தொழில் என்றது அத்திட்டம். குலக்கல்வி என்று பெயரிட்டு மக்கள் எதிர்த்தார்கள். 1954-ல் ராஜாஜி பதவி விலகினார்; காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். அதுவும் இதுவும் ஒன்றல்ல. அது பள்ளியிலிருந்த பிள்ளையைத் தறிக்கும் சக்கரத்துக்கும் திருப்பி அனுப்பப் பார்த்தது. இது அடிமைப்பட்ட குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துவந்தது. ஆனால் இரண்டிலும் ஒரு பொது அம்சம் இருக்கிறது. பெற்றோரைக் கேட்காமலே இரண்டும் மேலிருந்து வந்தன. பணக்காரன் பள்ளியைத் தொடாமல் நம் பள்ளியில் மட்டும் புகுகிற புதுமையை, 'நம் பிள்ளையை வைத்துச் சோதனை செய்கிறார்கள்' என்றுதான் உழைப்பாளி பார்ப்பான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஆசிரியர் போதவில்லை. ஆரம்பப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர் போதும் என்கிறது 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை. 5 வகுப்புக்கு 2 பேர்! ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு படியில் நிற்கையில், யார் எங்கே தேங்கிக் கிடக்கிறது என்று பார்க்கக் கண் வேண்டாமா? அதில் ஒருவரைப் பயிற்சிக்கும் புள்ளிவிவரத்துக்கும் அழைத்துக்கொண்டால் மிஞ்சுவது ஒருவர். கெட்டிக்காரப் பிள்ளை ஏணியில் ஏறிப் போயிற்று; கூச்சமுள்ள பிள்ளை ஒரே அட்டையோடு மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்ததும் உண்டு. அந்தப் பிள்ளையின் தாய் குறை சொன்னால், அது முறையின் குறையா, ஆள் போடாத சர்க்காரின் குறையா? ஆசிரியர் சங்கங்கள் இதைச் சொன்னபோது, வேலைக்குக் கள்ளம் செய்கிறார்கள் என்று ஏசினவர்களும் இருந்தார்கள்.

விளைவை யார் சுமந்தது? ஜூன் மாதம் வந்தால் அடகுக் கடையில் நிற்கிற தாய்மார் சுமந்தார்கள். தாலிக்கொடியை வைத்துக் கட்டணம் கட்டி, அச்சமின்றிப் படித்துக்கொண்டிருந்த பிள்ளையை, நெட்டுருப் போடும் பள்ளியில் சேர்த்தார்கள். சர்க்கார் பள்ளியில் எண்ணிக்கை குறைந்தது. குறைந்தது என்று காட்டி ஆசிரியரை வேறிடத்துக்கு மாற்றினார்கள். மீந்திருந்த பிள்ளைகளுக்கு இருந்த ஒரு கண்ணும் போயிற்று.

கொரோனாவில் பள்ளிகள் பூட்டிக்கிடந்த பின், 2022-ல் 1 முதல் 3 வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். நோக்கம் நல்லது, 8 வயதில் பிள்ளை பொருள் புரிந்து படிக்கவேண்டும் என்பது. ஆனால் 3-ம் வகுப்புப் பிள்ளை 'அரும்பு' என்றால் 1-ம் வகுப்பு நிலையில் நிற்கிறது என்று எத்தனை தாய்மாருக்கு யார் உட்கார்ந்து விளக்கினார்கள்? 'அரும்பு' என்றால் செல்லப் பெயர் என்று நினைத்து மகிழ்ந்து போனவர்களும் இருப்பார்கள்!

சட்டம் நமக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு சர்க்கார் பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருக்கவேண்டும். அதன் உறுப்பினரில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். இந்த இடங்களைக் கையெழுத்துப் போட மட்டும் விட்டுவைத்தது போதும். கிளைத் தோழர்கள் தத்தம் பகுதிப் பள்ளியில் குழு உறுப்பினர் யார் யார் என்று முதலில் விசாரியுங்கள். வகுப்பு நடக்கும்போதே பெற்றோரை உள்ளே உட்காரவைத்து முறையைக் காட்டும்படி கேளுங்கள். பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று மாதம் ஒருமுறை தாயிடம் வாயால் சொல்லவேண்டும் என்று கேளுங்கள். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்று தீர்மானம் போட்டு அனுப்புங்கள். கூட்டத்தை வேலை நேரத்தில் வைத்தால் ஒரு நாள் கூலியை விட்டு எவன் வருவான்? மாலை 6 மணிக்கு மேல், அல்லது விடுமுறை நாளில் வையுங்கள் என்று இந்த வாரமே தலைமை ஆசிரியருக்கு எழுதிக் கொடுங்கள்.