ஸ்கேனில் ஒன்றுமில்லை

"ஸ்கேன்ல ஒண்ணுமில்லம்மா, கேஸ்தான். வாக்கிங் போங்க." தில்லை நகரில் மூன்று கிளினிக்குகள், மூன்று டாக்டர்கள், ஒரே வசனம். ஒருவர் மட்டும் கூடுதலாக, "ரொம்ப யோசிக்காதீங்க" என்றார். அம்மா ரொம்ப யோசிக்கிற ஆளே இல்லை. ஸ்ரீரங்கத்தில் வீட்டு வாசலில் நின்று கீரைக்குப் பேரம் பேசும்போதும் ஒரு கை அடிவயிற்றை அழுத்திப் பிடித்திருக்கும். "உள்ள யாரோ கயித்தக் கட்டி இழுக்குற மாதிரி இருக்குடா" என்பாள். நானும் தங்கையும் சிசேரியன். பிறகு கர்ப்பப்பையை எடுத்தார்கள். மூன்று முறை திறந்த வயிறு.

போன மாசம் பீரோவில் பழைய ஃபைலைத் துழாவியபோது அந்தக் கடைசி ஆபரேஷனின் டிஸ்சார்ஜ் சம்மரி கிடைத்தது. கிறுக்கலாக ஒரு வரி: 'டென்ஸ் அட்ஹீஷன்ஸ் ப்ளஸ்'. உள்ளே உறுப்புகள் ஒன்றோடொன்று கெட்டியாக ஒட்டிக்கிடந்தன என்று அர்த்தம். திறந்தவர் கண்ணால் பார்த்திருக்கிறார், எழுதியும் வைத்திருக்கிறார். அம்மாவிடம்தான் யாரும் சொல்லவில்லை.

இதில் மர்மம் எதுவுமில்லை. வயிற்றின் உட்புறத்தையும் குடலையும் போர்த்தியிருக்கும் சவ்வின் மேல்பரப்பு ஒரே ஒரு செல் தடிமன்தான். கத்தி பட்டாலும், காய்ந்தாலும், பஞ்சு உரசினாலும் அது உரிகிறது. உரிந்த இடத்தில் ஃபைப்ரின் என்ற பசை வலை படர்கிறது. சில நாளில் அது கரைந்துவிட வேண்டும். கரையாவிட்டால் தழும்புத் திசு ஏறி, குடலையும் வயிற்றுச் சுவரையும் கட்டும் கயிறாகிவிடுகிறது. அதற்குள் ரத்தக் குழாயும் நரம்பும்கூட வளர்கின்றன. அம்மா சொன்ன அதே கயிறு.

சாதாரண ஸ்கேனில் பெரும்பாலும் இது தெரியாது. நெதர்லாந்தின் நைமேகனில், மூச்சை முக்கும்போது உறுப்புகள் வழுக்கிச் செல்கின்றனவா, எங்காவது சிக்குகின்றனவா என்று எம்.ஆர்.ஐ.யில் படமாகவே பார்க்கிறார்கள். இங்கே 'ஸ்கேன் நார்மல்' என்றால் கேஸ் க்ளோஸ். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு: "என் மெஷின்ல ஓடுதே!" அப்படிச் சொல்லும் ஜூனியரை நாங்கள் கிண்டல் பண்ணுவோம்.

ஸ்காட்லாந்தில் 1986இல் வயிற்று, இடுப்பு அறுவை செய்துகொண்ட 29,790 பேரைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்து, 1999இல் 'லான்செட்'டில் வெளியிட்டார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல், ஒட்டலோடு நேரடியாகவோ ஒருவேளையோ தொடர்புள்ள காரணங்களுக்காக, சராசரியாக இரண்டு முறை திரும்ப அட்மிட் ஆகியிருக்கிறார்கள். நேரடித் தொடர்பு உறுதியானது அந்த மறு அட்மிஷன்களில் 5.7 சதவீதம்தான், மறைக்கவில்லை. ஆனால் அதைச் சொல்வதற்கே எண்ணியிருக்க வேண்டுமே!

தமிழ்நாட்டில் 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியாரில் 63.8. தேசிய அளவில் 21.5தான். இவ்வளவு வயிறுகளைத் திறக்கும் மாநிலம், திறந்தபின் என்ன ஆச்சு என்று கேட்க வேண்டாமா? கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் பிக்மி எண் தருகிறோம். அது இல்லாமல் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க முடியாது. தாய் இறப்பைக் குறைத்த பெருமையும் உண்மையானது. ஆனால் தையல் பிரித்த கையோடு அந்தப் பெண் கணக்கிலிருந்து காணாமல் போகிறாள்.

சரி, ஒட்டலை லேப்ராஸ்கோப்பியில் வெட்டிவிட்டால்? அப்படி விற்கிறவர்களையும் நான் நம்பவில்லை. நாள்பட்ட வயிற்று வலியுள்ள 100 பேருக்கு நெதர்லாந்தில் கருவியை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு ஒட்டலை வெட்டினார்கள், மீதிப் பேருக்குத் தொடவில்லை. யாருக்கு எது என்று நோயாளிக்குச் சொல்லவில்லை. ஒரு வருஷம் கழித்து இரண்டு தரப்புக்கும் வலி ஏறக்குறைய ஒரேபோல் குறைந்திருந்தது. 2003இல் வெளியான முடிவு. 12 ஆண்டு கழித்துப் பார்த்தபோது வெட்டப்பட்டவர்கள் நிலைமைதான் மோசம். (வாந்தி, உப்பல், காற்றும் பிரியவில்லை என்றால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். அங்கே தாமதிக்கக் கூடாது, கத்தி உயிர் காக்கும்.)

ஆகவே அம்மாவின் வலிக்கு அந்த ஒட்டல்தான் காரணம் என்று நானும் சத்தியம் பண்ண மாட்டேன். "தெரியலம்மா" என்று ஒரு டாக்டர் சொல்லியிருந்தால் போதும், நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். தெரியாததை "கேஸ்" என்றும் "யோசிக்காதீங்க" என்றும் பெயர் மாற்றி பெண்கள் தலையிலேயே கட்டுவதுதான் பிரச்சினை.

கையெழுத்து வாங்கும் படிவத்தில் 'உள்ளே ஒட்டிக்கொள்ளலாம், நாள்பட்ட வலி வரலாம்' என்று தமிழில் ஒரு வரி. பார்த்த ஒட்டலை டிஸ்சார்ஜ் அன்றைக்கே வாய்விட்டுச் சொல்வது. அதே பிக்மி எண்ணில் ஓராண்டு, ஐந்தாண்டு கழித்து ஒரு போன்: "இன்னும் வலிக்குதாம்மா?" டேட்டாபேஸ் ஏற்கனவே இருக்கிறது. சேர்க்க வேண்டியது இரண்டு காலம்.